‘முந்தாநாள் நன்றாகத்தானே இருந்தார்’: டெலிரியம் என்ற சொல்லும் நம் வீட்டு முதியவர்களும்

மலேசியாவின் பினாங்கில், முதியோர் வார்டில் செவிலியராக இரவுப் பணி. எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி, கட்டிலின் பக்கவாட்டுக் கம்பியை மேலிருந்து கீழாகச் சரிவாகக் கீறிக்கொண்டே இருந்தார். கையில் எதுவும் இல்லை. ஆனால் மணிக்கட்டு திரும்பிய விதத்திலேயே தெரிந்துவிட்டது, ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறார். “மங்கு நிறைந்துவிட்டது, மழை வருகிறது, கிராணி கேட்டால் என்ன சொல்வேன்?” என்று தவித்தார். மங்கு என்பது பால் வடியும் கிண்ணம், கிராணி தோட்டத்துக் கணக்கர். செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பல்லாண்டுகள் நிரை பிடித்தவர், அதாவது தமக்கென ஒதுக்கிய மரவரிசையில் பால் வெட்டியவர். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

“அம்மாவுக்கு வயதாகிவிட்டது மிஸ்ஸி, நினைவு போய்விட்டது” என்றார் மகன். எப்போதிலிருந்து தம்பி என்று கேட்டேன். “முந்தாநாள் வரை நன்றாகத்தானே இருந்தார். கோழிக்குத் தீனி போட்டார், பேரனோடு சண்டை போட்டார்.”

அந்த ‘முந்தாநாள்’தான் முக்கியம். முதுமையில் வரும் மறதிநோய் மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் மெல்ல ஊறி வருவது. சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ மனம் கலங்கினால் அதற்குப் பெயர் டெலிரியம். அது மூளையின் வழியாக உடல் எழுப்பும் அபயக் குரல்.

லத்தீன் மொழியில் ‘லீரா’ என்பது வயலின் உழவு வரியைக் குறிக்கும் சொல். ‘டெ’ என்றால் விட்டு விலகி. ஏர் தன் சாலிலிருந்து விலகிப்போவதுதான் ‘டெலிராரே’. அதிலிருந்து பிறந்தது டெலிரியம். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, மருத்துவம் பற்றி எழுதிய ரோமானியரான செல்சஸ் இச்சொல்லைக் கையாண்டிருக்கிறார். மறதிநோயைக் குறிக்கும் டிமென்ஷியாவும் லத்தீன்தான். அதில் ‘மென்ஸ்’ என்பது மனம், மனமே விலகிவிட்டதாகப் பொருள். டெலிரியத்தில் விலகுவது ஏர் மட்டும். வேரோ கல்லோ தட்டியிருக்கும், மாடு தாகத்தில் தளர்ந்திருக்கும். காரணத்தைத் தேடிக் களைந்தால் பெரும்பாலும் ஏர் மறுபடி சாலுக்கு வந்துவிடும். இந்தச் சொல்லை நான் குடும்பங்களுக்கு விளக்குவதே அதற்காகத்தான். தோட்டத்து மக்களுக்கு ‘நிரை தப்பிவிட்டது’ என்று சொன்னால் உடனே புரிந்துகொள்கிறார்கள்.

நம்மிடமும் ஒரு சொல் இருக்கிறது: ஜன்னி. வாதம், பித்தம், கபம் மூன்றும் ஒருசேரக் கெடுவதைச் சொல்லும் ‘சன்னிபாதம்’ என்பதிலிருந்து வந்தது. உடல் கெட்டதால் புத்தி தடுமாறுகிறது என்ற அறிவு அதற்குள்ளேயே இருக்கிறது. ஆனால் காய்ச்சல் கொதித்தால்தான் ஜன்னி என்று நாம் பழகிவிட்டோம். முதியவர்களுக்குக் கடுமையான நோய்த்தொற்று இருந்தும் காய்ச்சல் அடிக்காமலே போகலாம். நெற்றி குளிர்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, காத்துக்கருப்பு என்றோ வயது என்றோ முடிவுகட்டி இரண்டு நாளைத் தொலைத்துவிடுகிறோம். திருநீறு பூசுங்கள், நான் தடுக்கவில்லை. பூசிய கையோடு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

பாட்டிக்கு என்னதான் ஆயிற்று? சளிக்கு வீட்டில் யாரோ மருந்தகத்தில் மாத்திரை வாங்கிக் கொடுத்திருந்தார்கள். தூக்கம் வரவழைக்கும் பழைய வகை ஒவ்வாமை மருந்து அது. முதியவர்களின் மூளையைக் கலக்கும், மலத்தை இறுக்கும், சிறுநீரையும் அடைக்கும். குழாய் வைத்தபோது ஏறத்தாழ ஒரு லிட்டர் சிறுநீர் வடிந்தது, தொற்றும் இருந்தது. அவரால் “வலிக்கிறது” என்று சொல்ல முடியவில்லை. மங்கு நிறைந்துவிட்டது என்றுதான் சொன்னார்.

இன்னும் எத்தனையோ காரணங்கள் உண்டு: நிமோனியா, நீர் வற்றுதல், இரத்தத்தில் சோடியம் குறைதல், சர்க்கரை ஏறுதல் அல்லது இறங்குதல், இடுப்பு எலும்பு முறிவு, அறுவைச் சிகிச்சை, தூக்க மாத்திரை.

கத்துகிறவர்களை எல்லோரும் கவனித்துவிடுகிறோம். என்னை இன்றும் உறுத்துவது அமைதியானவர்கள். பணிக்குச் சேர்ந்த புதிதில், ஒரு தாத்தா நாள் முழுவதும் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். சோறு வைத்தால் இரண்டு வாய், கூப்பிட்டால் மெல்லக் கண் திறப்பார். தொந்தரவில்லாத மனிதர் என்று குறிப்பேட்டில் எழுதினேன். மறுநாள்தான் சோடியம் மிகவும் இறங்கியிருப்பது தெரிந்தது. அதுவும் டெலிரியம்தான், அடங்கிய வகை. இதைத் தவறவிடுவது எளிது, விளைவும் பெரும்பாலும் மோசம். வாய் ஓயாமல் பேசும் அம்மா திடீரென்று பேச்சை நிறுத்தினால், களைப்பு என்று எண்ணிக் கதவைச் சாத்திவிட்டுப் போகாதீர்கள்.

மொழி ஒரு பெரிய சிக்கல். வார்டில் கேள்விகள் மலாயிலோ ஆங்கிலத்திலோ வருகின்றன. மாதங்களைப் பின்னிருந்து சொல்லச் சொல்வது கவனத்தைச் சோதிக்கும் ஒரு வழி. டிசம்பர், நவம்பர் என்று ஒருநாளும் எண்ணியிராத பாட்டி விழிப்பார், அதைக் குழப்பம் என்று எண்ணிவிடலாம். நேர்மாறாக, தமிழில் அவர் உளறுவது புரியாமல், சரியாகப் பேசுகிறார் என்று விட்டுவிடவும் கூடும். அதனால் கூடவே நின்று மொழிபெயருங்கள். சனி, வெள்ளி, வியாழன் என்று கிழமைகளைத் தமிழில் பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். முக்கியமாக, “இவர் வழக்கமாக இப்படி இல்லை, இந்த நாளிலிருந்துதான்” என்று மருத்துவரிடம் அழுத்திச் சொல்லுங்கள். எந்த ஸ்கேனும் அதைச் சொல்லாது. 1990இல் ஷாரன் இனோய் என்ற மருத்துவர் வகுத்த சோதனை முறையிலும், மாற்றம் திடீரென்று வந்ததா, ஏறி இறங்குகிறதா என்பதே முதல் கேள்வி.

சம்சு என்ற மலிவு மதுவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1813இல் தாமஸ் சட்டன் என்ற ஆங்கில மருத்துவர் ‘டெலிரியம் டிரெமென்ஸ்’ என்று பெயரிட்டது, நடுக்கத்தோடு வரும் ஒரு வகையை. அதிகமாகக் குடித்துவந்தவர் சட்டென்று நிறுத்தினால், பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் கை நடுங்கும், வியர்க்கும், இல்லாத பூச்சிகள் கண்ணில் தெரியும். வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். தைப்பூசத்துக்கு விரதமிருந்து தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுக்க நேர்ந்துகொண்டு, அதற்காகவே குடியை விடுகிறவர்கள் நம்மிடையே உண்டு. அந்த மனவுறுதியை நான் வணங்குகிறேன். ஆனால் நாள்தோறும் குடித்தவர் நிறுத்துவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். நடுக்கத்தைப் பாதுகாப்பாகக் கடக்க மருந்து இருக்கிறது. குழப்பமோ வலிப்போ வந்துவிட்டால் அவசர எண்ணான 999ஐ அழையுங்கள்.

வார்டில் குடும்பம் செய்யக்கூடியவை மிகச் சாதாரணமானவை. மூக்குக்கண்ணாடியும் காதுக்கருவியும் பல்செட்டும் வீட்டு அலமாரியில் கிடக்க, முதியவர் இங்கே இருளிலும் ஓசையின்மையிலும் தவிப்பதைத் தினமும் பார்க்கிறேன். அவற்றைக் கொண்டுவாருங்கள். பகலில் வெளிச்சமும் இரவில் தூக்கமும் வேண்டும். தண்ணீர் கொடுங்கள், மருத்துவர் அனுமதித்தால் நடத்திச் செல்லுங்கள், இன்று என்ன கிழமை என்று சொல்லுங்கள். 1999இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, அமெரிக்காவின் யேல் மருத்துவமனையில், 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 பேரிடம் இத்தகைய எளிய கவனிப்பை ஆராய்ந்தார்கள். வழக்கமான கவனிப்பில் 100க்கு 15 பேருக்கு வந்த டெலிரியம், இதில் ஏறத்தாழ 10 பேராகக் குறைந்தது. கையைக் கட்டிவைப்பது கலக்கத்தைக் கூட்டும். உங்கள் கை அவர் கையைப் பிடித்திருப்பது நல்லது.

எல்லோரும் உடனே தேறிவிடுவதில்லை. வாரக்கணக்கில் இழுக்கலாம், சிலர் பழைய நிலைக்குத் திரும்பாமலும் போகலாம். வீட்டுக்குப் போன பிறகும் மறதி நீடித்தால் மறுபரிசோதனைக்கு அழைத்து வாருங்கள்.

நான்காம் நாள் விடியலில் பாட்டி கோப்பி கேட்டார். பிறகு தாழ்ந்த குரலில், “ராத்திரி நான் யாரையாவது திட்டினேனா, கண்ணு?” என்றார். பலருக்கு அந்த இரவுகள் அரைகுறையாக நினைவில் தங்கிவிடுகின்றன. வெட்கமும் பயமும் சேர்ந்தே தங்குகின்றன, கேட்கக் கூசுகிறார்கள். யாரையும் திட்டவில்லை பாட்டி, உடம்பு கெட்டதால் வந்த குழப்பம், இறங்கிவிட்டது என்று சொன்னேன். கம்பியைக் காட்டி, இதைத்தான் விடிய விடிய வெட்டினீர்கள் என்றேன். அதைத் தடவிப் பார்த்துவிட்டு, மகன் எப்போது வருவான் என்று கேட்டார்.