இரவல்: ஓவியத்துக்குக் ‘கடன்’ பொருந்துமா?

ஓர் அருங்காட்சியகம் தன் ஓவியத்தை வேறோர் ஊர்க் கண்காட்சிக்குச் சில மாதம் கொடுத்து வாங்கினால், அதை ஆங்கிலத்தில் ‘லோன்’ என்பார்கள். நம் செய்திகளில் அது ‘கடனாக வழங்கியது’ ஆகிவிடுகிறது. படித்ததும் கூட்டுறவுச் சங்கமும் பயிர்க்கடனும்தான் நினைவுக்கு வருகின்றன.

‘லோன்’ பழைய நார்ஸ் மொழியின் ‘லான்’ வழியே ஆங்கிலத்துக்கு வந்தது. ஆதி வேரின் பொருள் ‘விட்டுச் செல்லுதல்’. பணமோ பண்டமோ, ஆங்கிலத்துக்கு அந்த ஒரு சொல் போதும். ரோமானியச் சட்டம் அப்படி விடவில்லை. வாங்கியதற்கு ஈடானதைத் திருப்பினால் ‘மூட்டுவம்’, வாங்கிய பொருளையே திருப்பினால் ‘கொம்மொடாட்டும்’ என்று பிரித்து வைத்தது.

தமிழும் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. விதைநெல் வாங்கியவர் அறுப்பு முடிந்து வேறு நெல்லைத்தான் அளப்பார். அது கடன். கல்யாணத்துக்குச் சித்தியிடம் வாங்கிப் போட்ட காசுமாலை, அதே மாலையாக, ஒரு காசு குறையாமல் திரும்ப வேண்டும். அது இரவல். ஓவியம் எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை.

‘இர’ என்றால் கேள், யாசி. திருக்குறளில் ‘இரவு’ 106ஆம் அதிகாரம், ‘இரவச்சம்’ 107. சங்கப் பாடல்களின் இரவலர் வாங்கியதைத் திருப்பித் தருபவர்கள் அல்லர். திருப்பித் தரும் கடமை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. யாசகத்தின் சாயல் மட்டும் முழுதாகப் போகவில்லை. ‘இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம்’ என்கிறது பழமொழி. அதனாலேயே பெரிய அருங்காட்சியகங்களுக்கு இந்தச் சொல் கௌரவக் குறைவு என்று சிலர் தயங்கலாம். எனக்கு அந்தத் தயக்கம் இல்லை. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்திடம் டச்சு ஓவியர் வெர்மீரின் ஓவியங்கள் நான்குதான். 2023இல் அது காட்சிக்கு வைத்தது 28. மிச்சம் 24ஐயும் கேட்டுத்தானே வாங்கினார்கள்!

இரவலோடு வரும் துணைச்சொற்களையும் பார்த்துவிடலாம். ‘கண்டிஷன் ரிப்போர்ட்’டுக்கு ‘நிலைக்குறிப்பு’ போதும். பலாப்பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடிக் கலவையால் மேடு எழுப்பி, தங்க ரேக்கு பதித்த தஞ்சாவூர்ப் பலகைப்படம் ஒன்று வெளியூர் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி ஈரத்தில் ஊறிய பலகை, குளிரூட்டிய கூடத்துக்குப் போனால் சுருங்கும். மேலே இருக்கும் சுண்ணப்பூச்சு கூடவே சுருங்காது; விரிசல் விடும், ரேக்கு விளிம்பில் தூக்கும். ஆகவே புறப்படுமுன் ஒவ்வொரு கீறலையும், விழுந்துபோன கண்ணாடிக் கல்லின் குழியையும் படம் பிடித்து எழுதுவார்கள். போய்ச் சேர்ந்ததும் பெட்டியை உடனே திறப்பதில்லை. வழக்கமாக ஒரு நாள் அப்படியே கூடத்துக் காற்றுக்குப் பழக விடுவார்கள். பிறகு அதே தாளை வைத்துச் சரிபார்ப்பு. திரும்பும்போதும் அதே சடங்கு.

கூடவே போகும் அருங்காட்சியக ஆளை ‘கூரியர்’ என்கிறார்கள். நமக்குக் கூரியர் என்றால் பார்சல் கொண்டுவரும் பையன். ‘வழித்துணை’ என்பதே நல்லது. சுவரிலிருந்து கழற்றியது முதல் திரும்ப மாட்டுவது வரையிலான காப்பீட்டை ‘ஆணிக்கு ஆணி’ என்பார்கள். இதை மாற்ற வேண்டாம்.

எல்லாக் கொடுக்கல் வாங்கலும் இரவல் அல்ல. பெட்டி, பயணம், காப்பீட்டுச் செலவை வாங்குபவர் ஏற்பது வழக்கம். அதற்கு மேல் படத்துக்கே பணம் வாங்கினால் அது வாடகை. பிரான்ஸும் அபுதாபியும் 2007இல் செய்த லூவர் அருங்காட்சியக ஒப்பந்தத்தில் பெயருக்கும் படங்களுக்கும் தொகை பேசப்பட்டது. அதை இரவல் என்பது முகஸ்துதி.

‘டெபாசிட்’ இன்னொன்று. டெல்டா கோயில்கள் பலவற்றின் உற்சவத் திருமேனிகள் திருட்டுக்குப் பயந்து திருவாரூர் பாதுகாப்பு மையத்தில் இருக்கின்றன. திருவிழாவுக்குத் தம் கோயிலுக்குப் போய்த் திரும்புகின்றன. அங்கே யாரும் யாரிடமும் கேட்டு வாங்கவில்லை, உடைமையும் மாறவில்லை. காப்பதற்காக ஒப்படைத்ததற்குச் சிலப்பதிகாரக் காலத்துச் சொல்லே இருக்கிறது: அடைக்கலம்.