ஃபேர் யூஸ்: நியாயப் பயன்பாடும் நியாயமான எடுத்தாளலும்

வகுப்பில் எந்தப் படத்தைக் காட்டலாம், எந்தப் பாட்டைப் போடலாம், எத்தனை பக்கம் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கலாம் என்ற பேச்சு ஆசிரியர்களிடையே எழுந்தால், பிறர் படைப்பை அனுமதி கேட்காமல் நியாயமான அளவில் பயன்படுத்திக்கொள்வதைக் குறிக்கும் ‘ஃபேர் யூஸ்’ என்ற சொல்லும் கூடவே வந்துவிடும். அதைச் சொல்லிவிட்டால் எல்லாம் அனுமதி என்று நினைப்பவர்களும் உண்டு. அது என்னவென்று தெரியாமல் எதையுமே தொட அஞ்சுபவர்களும் உண்டு. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுக் காப்பிரைட் சட்டத்தில், விதிவிலக்குகளைச் சொல்லும் 52ஆம் பிரிவைப் புரட்டிப் பாருங்கள். ஃபேர் யூஸ் அங்கே இல்லை. இருப்பது ‘ஃபேர் டீலிங்’. வகுப்பறைக்கோ அதுவும் தேவைப்படாத தனி உட்பிரிவுகள் இருக்கின்றன.

முதலில் காப்பிரைட்டை நேர்செய்துகொள்வோம். திரைப்பாடல் வழக்கு ஒன்று நீதிமன்றத்துக்குப் போனால், மறுநாள் செய்தியில் ‘பாடலின் காப்புரிமை’ என்று வந்துவிடுகிறது. காப்புரிமை என்பது பேட்டன்ட். மருந்து, இயந்திரம் போன்ற கண்டுபிடிப்புகளுக்கு 20 ஆண்டுகளுக்கு வழங்கப்படுவது. காப்பி, காப்பு என்ற ஒலி ஒற்றுமையே இந்தக் குழப்பத்தின் காரணம் என்பது என் ஊகம். பேட்டன்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதை ஆராய்வார்கள், மறுக்கவும் செய்வார்கள். காப்பிரைட் அப்படியல்ல. எழுதிய கணத்திலேயே அது எழுதியவரைச் சேர்ந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. ஆறாம் வகுப்பு மாணவி வரைந்த ஓவியத்துக்கும் அது உண்டு.

காப்பிரைட்டுக்கு நிலைத்துவிட்ட தமிழ்ச் சொல் பதிப்புரிமை. பதித்தல் என்றால் அழுத்தித் தடம் பதியச் செய்தல். அச்சு வந்தபின் அதிலிருந்து பதிப்பு, பதிப்பித்தல், பதிப்பாசிரியர் எல்லாம் கிளைத்தன. பழைய நூல்களின் முகப்பில் ‘இன்ன அச்சுக்கூடத்திற் பதிப்பிக்கப்பட்டது’ என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. பதிப்புரிமை என்றதும் அது பதிப்பாளரின் உரிமை என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். சட்டப்படி முதல் உரிமையாளர் படைத்தவர்தான். திரைப்படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் தயாரிப்பாளரே படைத்தவராகக் கருதப்படுகிறார். பாடல், புகைப்படம், காணொளி ஆகியவற்றுக்குப் ‘பதிப்பு’ சரியாகப் பொருந்தாததால் படைப்புரிமை, ஆக்கவுரிமை என்ற சொற்களும் எழுந்தன. பொருளுக்கு நெருக்கமானது படைப்புரிமைதான். ஆனாலும் புத்தகம் படிக்கும் எல்லோருக்கும் பழகிவிட்ட பதிப்புரிமையை விரட்ட வேண்டியதில்லை என்பேன். நகலுரிமை மட்டும் வேண்டாம்.

ஏன் வேண்டாம் என்றால், காப்பிரைட்டில் உள்ள காப்பி நாம் நினைக்கும் நகல் அல்ல. லத்தீனில் ‘கோப்பியா’ என்றால் மிகுதி, வளம். இடைக்காலத்தில் அது எழுத்துப்படியைக் குறிக்கத் தொடங்கியது. லண்டனில் 1557இல் அரச சாசனம் பெற்ற ஸ்டேஷனர்ஸ் கம்பெனி என்ற அச்சகத்தார் சங்கத்தில், ஒரு நூலை அச்சிடும் உரிமையைப் பதிவேட்டில் ஏற்றிக்கொள்வார்கள்; அச்சுக்கு அடிப்படையான அந்த மூலத்துக்குத்தான் காப்பி என்று பெயர். பத்திரிகை அலுவலகங்களில் ‘காப்பி வந்துவிட்டதா?’ என்று கேட்பதும் இந்தப் பொருளில்தான். 1710இல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த ஆன் அரசியின் சட்டம் அந்தக் காப்பியை ஆசிரியருக்கு உரியதாக்கியது, அதுவும் 14 ஆண்டுகளுக்கு. ஆசிரியர் உயிரோடிருந்தால் இன்னொரு 14. அந்தச் சட்டத்தின் தலைப்பே ‘கல்வியை ஊக்குவிப்பதற்கான சட்டம்’ என்றுதான் தொடங்குகிறது. இன்று இந்தியாவில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை உரிமை நீள்கிறது. ஊக்கம் யாருக்கு என்று கேட்கத் தோன்றுகிறது.

ஃபேர் யூஸின் வேர் அமெரிக்காவில், 1841ஆம் ஆண்டின் ஃபோல்சம் எதிர் மார்ஷ் வழக்கில் இருக்கிறது. ஜார்ஜ் வாஷிங்டனின் கடிதங்களை ஒருவர் 12 தொகுதிகளாகப் பதிப்பித்திருந்தார். இன்னொருவர் 866 பக்கத்தில் வாஷிங்டன் வரலாறு எழுதி, அதில் 353 பக்கங்களை அந்தத் தொகுதிகளிலிருந்து அப்படியே எடுத்துவிட்டார். எடுத்ததன் நோக்கம், எடுத்த பகுதியின் அளவும் மதிப்பும், அதனால் மூல நூலின் விற்பனைக்கு வரும் கேடு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்றார் நீதிபதி ஜோசப் ஸ்டோரி. பார்த்துவிட்டு, இது மீறல்தான் என்றும் தீர்ப்பளித்தார். ஃபேர் யூஸுக்கு அடிக்கல் நாட்டிய வழக்கில் எடுத்தவர் தோற்றுப்போனார்! அந்த நூல் பள்ளி நூலகங்களுக்கான வரிசையில் வந்தது. அதனால் வருத்தத்துடனே இந்த முடிவுக்கு வருவதாக ஸ்டோரி எழுதினார். 1976ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் இந்த அளவுகோல்களைப் பிரிவு 107இல் நான்காக அடுக்கி, கற்பித்தலையும், வகுப்புக்காகப் பல படிகள் எடுப்பதையும் எடுத்துக்காட்டுகளில் சேர்த்தது.

ஃபேர் டீலிங் பிரிட்டனின் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே இந்தியாவுக்கு வந்தது. அமெரிக்க முறையில் எந்த நோக்கமானாலும் வாதிட்டுப் பார்க்கலாம். நம் முறையில் நோக்கங்கள் எண்ணி வைக்கப்பட்டவை: தனிப்பட்ட பயன்பாடும் ஆராய்ச்சியும், விமர்சனம், நடப்புச் செய்தி. இவற்றுக்குள் வந்தால்தான் நியாயமா இல்லையா என்ற கேள்வியே எழும்.

தமிழுக்கு இந்த இரண்டு சொற்களுமே வேண்டும். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க அறிவுசார் சொத்துச் சட்டம், 11ஆம் பிரிவில், அமெரிக்கப் பாணி ஃபேர் யூஸைத்தான் ஏற்றிருக்கிறது. வகுப்பறைப் படிகளும் அதில் உண்டு. சிங்கப்பூரும் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஃபேர் டீலிங்கை விட்டு ஃபேர் யூஸுக்கு மாறிவிட்டது. யாழ்ப்பாணத்து ஆசிரியைக்கு ஒரு சொல், மதுரை ஆசிரியைக்கு இன்னொரு சொல். இரண்டையும் ‘நியாயமான பயன்பாடு’ என்றே எழுதினால் எந்த நாட்டுச் சட்டம் என்று தெரியாமல் போகும்.

ஃபேர் யூஸுக்கு நியாயப் பயன்பாடு போதும். தூய தமிழ் தேடுவோருக்குத் ‘தகவு’ இருக்கிறது. குறளின் நடுவுநிலைமை அதிகாரத்தில் தகுதி, தகவிலர் என்ற சொற்கள் நடுநிலையை ஒட்டியே வருகின்றன. தகவுப் பயன்பாடு அழகான சொல்தான். ஆனால் ஊழியர் அறையில் அதைச் சொன்னால் விளக்கம் கேட்பார்கள். நியாயம் எல்லோருக்கும் தெரிந்த சொல்.

ஃபேர் டீலிங்கில்தான் இடறுகிறார்கள். டீலிங் என்றதும் கொடுக்கல் வாங்கல் நினைவுக்கு வந்து ‘நேர்மையான வணிகம்’ என்று எழுதிவிடுகிறார்கள். இங்கே டீலிங் என்பது ஒரு படைப்பைக் கையாளும் விதம். ‘நியாயமான கையாளுகை’ தவறில்லை. அதைவிட நெருக்கமான சொல் ஒன்று தமிழில் முன்பே இருக்கிறது: எடுத்தாளல். பிறர் எழுத்திலிருந்து எடுத்து, இன்னாருடையது என்று சொல்லி, தன் கருத்துக்குப் பயன்படுத்துவதே எடுத்தாளல். உரையாசிரியர்கள் காலங்காலமாகச் செய்துவந்தது அதைத்தான். என் தேர்வு ‘நியாயமான எடுத்தாளல்’.

இனி வகுப்பறை. ஆசிரியரோ மாணவரோ ‘கற்பித்தலின் போக்கில்’ எந்தப் படைப்பையும் படியெடுக்கலாம் என்கிறது 52ஆம் பிரிவின் ஓர் உட்பிரிவு. வினாத்தாளும் விடைத்தாளும் இதில் அடங்கும். இது கற்பித்தலின்போதா, கற்பித்தலின் போக்கிலா? வகுப்பு நடக்கும் நேரத்துக்கு மட்டுமா, பாடத்திட்டம் போடுவதிலிருந்து எல்லாவற்றுக்குமா? இந்தக் கேள்விதான் 2012இல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. டெல்லி பல்கலைக்கழகத்தின் பொருளியல் பள்ளி வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி என்ற ஜெராக்ஸ் கடையில், பாடத்திட்டப்படி பல நூல்களின் பகுதிகளைச் சேர்த்துத் தைத்த கட்டுகள் மாணவர்களுக்குக் கிடைத்தன. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸும் கடைமீதும் பல்கலைக்கழகத்தின்மீதும் வழக்குத் தொடுத்தன. 2016 செப்டம்பரில் நீதிபதி ராஜீவ் சகாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். நூலகத்தில் உட்கார்ந்து மாணவர் கையால் எழுதிக்கொள்வது குற்றமில்லையென்றால், இயந்திரம் வந்ததாலேயே அது குற்றமாகிவிடாது என்பது அவர் வாதத்தின் ஓர் இழை. அந்த டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு, கற்பித்தல் நோக்கத்துக்குத் தேவையான அளவே எல்லை, பக்கக் கணக்கு அல்ல என்றது; சேர்த்த பகுதிகள் அப்படித் தேவையானவைதானா என்று மட்டும் விசாரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பியது. 2017 மார்ச்சில் பதிப்பகங்களே வழக்கைத் திரும்பப் பெற்றன.

ஆகவே ‘10 சதவீதம்’, ‘30 விநாடி’ என்று ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் கணக்குகளுக்கு நம் சட்டத்தில் இடமில்லை. பாட்டில் 10 சதவீதம், 30 விநாடிக்கு மிகாமல் என்ற அளவு 1996இல் அமெரிக்காவில் பல்லூடகப் பாடங்களுக்காக வகுத்த வழிகாட்டுதலில் இருந்தது. அங்கேயே அது சட்டமாகவில்லை. எண்ணிக்கை வேண்டும் என்றால், பாடநூல் தொகுப்போருக்கு உண்டு: தொகுப்பை வெளியிடும் ஒரே பதிப்பாளர், எந்த 5 ஆண்டுக் காலத்திலும், ஒரே ஆசிரியரின் படைப்புகளிலிருந்து இரண்டு சிறு பகுதிகளுக்கு மேல் வெளியிடக்கூடாது.

திரைப்படத்துக்கும் பாட்டுக்கும் அடுத்த உட்பிரிவு. பள்ளி நிகழ்ச்சியில் ஆசிரியர்களும் மாணவர்களும் நாடகம் போடலாம், பாடலாம். படத்தைத் திரையிடலாம், ஒலிப்பதிவை ஒலிக்கவிடலாம். பார்ப்பவர்கள் பள்ளியினர், பெற்றோர், பாதுகாவலர், பள்ளியின் செயல்பாடுகளோடு தொடர்புடையோர் என்ற வட்டத்துக்குள் இருக்க வேண்டும். ஆண்டு விழாவில் சினிமாப் பாட்டுக்கு ஆடுவதற்கு அனுமதிக் கடிதம் தேட வேண்டாம் என்பதன் காரணம் இதுதான். அதே ஆட்டத்தைப் படம்பிடித்து யூடியூபில் ஏற்றினால் பார்வையாளர் வட்டம் உடைந்துவிடுகிறது. உட்பிரிவு துணைக்கு வராது. தானாக ஒலியை ஒப்பிட்டுப் பார்க்கும் நிரலும் ஆண்டு விழா, அரங்கேற்றம் என்று வேறுபாடு பார்ப்பதில்லை. உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கலாம்; இல்லாவிட்டால் 1949இல் சென்னை மாகாண அரசு உரிமையைப் பெற்றுப் பின்னர் நாட்டுடைமையாக்கிய பாரதியின் பாடல் ஒன்றுக்கு மாணவர்களே மெட்டமைத்துப் பாடி ஏற்றலாம். நாட்டுடைமை என்ற சொல்லைப் பார்த்து அரசிடம் விண்ணப்பிக்கவும் வேண்டாம். அரசுடைமை என்பது அதன் பொருளல்ல, யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், பாடலாம்.