உள்ளங்கைக்குள் ஒரு பிட்டுப்பானை

போன மாதம் ஒரு சனிக்கிழமை, வகுப்பு முடிந்து சைக்கிளை எடுக்கப் போன உயர்தர மாணவன் ஒருவன் படலையடியில் இருந்து திரும்பி வந்தான். "சேர், உங்கட போனுக்குள்ள தண்ணி இருக்காமே. உண்மையா?"

"ஓம்" என்றேன். அவன் நம்பவில்லை. போன் நனைந்தால் அரிசிப் பேணிக்குள் போடு என்று கேட்டு வளர்ந்த பிள்ளை. தொழிற்சாலையிலேயே தண்ணீர் ஊற்றி மூடிய போன் என்றால் யார்தான் நம்புவார்கள்?

அந்தப் போன் நான் காசு கொடுத்து வாங்கியது இல்லை. கட்டாருக்குப் போன மருமகன், "மாமா, நீங்க பாவியுங்கோ" என்று கையில் தந்துவிட்டுப் போனது. விளையாடுவதற்கென்றே செய்த கேமிங் போன். நான் அதில் விளையாடுவது ஒன்றுமில்லை. ஆனாலும் ஒரு வருடத்துக்கு மேலாக அதுதான் என் போன். கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, சட்டைப் பையில் போட்டால் தோள்பட்டை வரை இழுக்கும். முதுகில் வர்ண விளக்கு இருப்பதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. முதல் வாரமே உப்புவெளியில் ஒரு செத்தவீட்டில் தேவாரம் பாடிக்கொண்டிருக்கையில் அழைப்பு வந்தது. சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தேன், வெளிச்சத்தை நிறுத்தவில்லை. சட்டைப் பைக்குள் சிவப்பும் நீலமுமாக மினுங்க, பக்கத்தில் இருந்த பெரியவர் "தம்பி, உங்கட நெஞ்சுக்குள்ள ஏதோ எரியுது" என்றார். அன்று இரவே அமைப்புகளைத் தோண்டி அதை அணைத்தேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திரை ஒரு செக்கனுக்கு 144 தடவை புதுப்பிக்கும். செய்தி வாசிக்க அது எதற்கு, 60இல் வைத்திருக்கிறேன். பற்றரி 6000 மில்லி அம்பியர் மணி, எனக்கு இரண்டு நாள் தாராளமாகப் போகும். கமெரா சுமார்தான். எங்கள் திருமலைக் கோட்டை வாசலில் அந்தி நேரம் நிற்கும் மான்களை எடுத்தால் மான் எது மரம் எது என்று தேட வேண்டும். சார்ஜ் குத்தும் துளை கீழே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. படுக்கையாகப் பிடித்து விளையாடுபவனின் கையில் வயர் இடிக்கக் கூடாது என்று வைத்தது. பாயில் சரிந்து கிடந்து வாசிக்கும் எனக்கும் அது பெரிய வசதி.

சரி, தண்ணீருக்கு வருவோம்.

போனின் மூளையான சிப் ஒரு விரல் நகத்தளவுதான். உள்ளே கோடிக்கணக்கான ஆளிகள், அதாவது சுவிட்சுகள், திறந்து மூடுகின்றன, ஒவ்வொரு தடவையும் துளி மின்சாரம் வெப்பமாகிறது. கடுமையான கேம் ஓடும்போது சிப்பில் இருந்து 5 வாற்று அளவு வெப்பம் வெளிவருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன எல்.ஈ.டி. பல்ப் எடுக்கும் மின்சாரத்தின் அளவு. முழுவதும் ஒரு நகத்தளவு இடத்தில். அது அங்கேயே தேங்கினால் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், படம் விக்கி விக்கி ஓடும். கேமுக்கு மட்டும் நடப்பதில்லை இது. ஆவணி மாதக் கச்சான் காற்றில், நிழலிலேயே 35 பாகை காயும்போது, ஹொட்ஸ்பொட் போட்டுக்கொண்டு, சார்ஜும் ஏற்றிக்கொண்டு சூமில் வகுப்பு எடுத்தால் சாதாரணப் போனும் இப்படித்தான் மூச்சு வாங்கும். என் பழைய போன் திரிகோண கணிதத்தின் நடுவில் இரண்டு முறை கையை விரித்தது.

வெப்பத்தை அந்த நகத்தளவு இடத்தில் இருந்து போனின் முழு முதுகுக்கும் பரப்ப வேண்டும். செப்புத் தகடு ஒன்றை ஒட்டினால் போதாதா? செப்பு நல்ல கடத்திதான். ஆனால் தாள்போல் மெல்லிய தகட்டுக்குள் வெப்பம் நெருக்கியடித்துத்தான் நகர வேண்டும். சிப்புக்கு மேலே சுடும், மூலைகள் குளிர்ந்தே கிடக்கும். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த சாமான் வருகிறது. ஆங்கிலத்தில் வேப்பர் சேம்பர். நாம் ஆவியறை என்போம்.

பிட்டு அவிக்கும் பானையை நினையுங்கள். அடியில் தண்ணீர் கொதிக்கிறது. ஆவி நீத்துப்பெட்டிக்குள் ஏறி மாவை அவிக்கிறது. மூடியைத் திறந்தால் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர், சரித்தால் சொட்டும். அடுப்பு கொடுத்த வெப்பத்தை ஆவி தூக்கிக்கொண்டு போய் மாவிலும் மூடியிலும் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பவும் தண்ணீராகிவிட்டது. அந்தப் பானையை அரை மில்லிமீற்றரிலும் மெல்லிதாக நசுக்கி, நாலு பக்கமும் ஒட்டி மூடினால் அதுதான் ஆவியறை. இரண்டு மெல்லிய செப்புத் தகடு, இடையில் துளி தண்ணீர்.

துளி என்று நான் அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. ஒரு கிராம் தண்ணீரை 30இல் இருந்து 40 பாகைக்குச் சூடாக்க 42 யூல் வெப்பம் போதும். அதே ஒரு கிராமை 40 பாகையில் ஆவியாக்க ஏறத்தாழ 2400 யூல் வேண்டும், ஐம்பது மடங்குக்கு மேல். பள்ளிக்கூடத்தில் தன்மறை வெப்பம் என்று மனப்பாடம் செய்தோமே, அது இதுதான். கொதிநீர் பட்ட கையைவிட ஆவி பட்ட கை மோசமாக வேகுவதும் இதனால்தான். கன்னியாவின் ஏழு கிணற்றிலும் நாம் அள்ளி ஊற்றும் சுடுநீர், நிலத்தின் ஆழத்துக்கு இறங்கிய மழைநீர் அங்கிருந்து சுமந்து வரும் வெப்பம். அது தண்ணீராகவே வருவதால் சுமை குறைவு. ஆவியாக வருமென்றால் வாளியோடு கிட்ட நிற்க முடியாது.

இப்போது கணக்குப் பாருங்கள். 5 வாற்று என்றால் செக்கனுக்கு 5 யூல். அதைத் தூக்க, செக்கனுக்கு இரண்டு மில்லிகிராம் தண்ணீர் ஆவியானால் போதும். ஒரு சொட்டுத் தண்ணீர் சுமார் 50 மில்லிகிராம். அந்த ஒற்றைச் சொட்டு ஆவியாகி, போய்க் குளிர்ந்து, திரும்பி வந்து சுற்றி முடிக்க 25 செக்கன். ஒரு மணி நேர விளையாட்டில் அது நூற்று நாற்பது தடவைக்கு மேல் சுற்றிவிடும். பம்ப் இல்லை, மோட்டர் இல்லை, சத்தமும் இல்லை.

மாணவன் இங்கே மடக்கினான். "தண்ணி கொதிக்க 100 பாகை வேணுமே, சேர்?" நல்ல கேள்வி. நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும், அதனால்தான் அங்கே பருப்பு அவிய நேரமெடுக்கும். மேலே அமுக்கம் குறைவு. ஆவியறையில் அதை எல்லை வரை கொண்டுபோகிறார்கள். மூடுவதற்கு முன் உள்ளே இருக்கும் காற்று முழுவதையும் உறிஞ்சி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது தண்ணீரும் அதன் ஆவியும் மட்டுமே. 40 பாகையில் உள்ளே இருக்கும் அமுக்கம் வெளிக்காற்றின் பதினான்கில் ஒரு பங்குதான். அந்த நிலையில் தண்ணீர் தராசு முள்போல நிற்கிறது. ஒரு இடம் மற்ற இடத்தைவிடச் சற்றுச் சூடானாலே அங்கே ஆவியாகும், சற்றுக் குளிர்ந்த இடத்தில் ஒடுங்கும். சூடான பக்கம் ஆவி கூடுவதால் அமுக்கமும் கொஞ்சம் கூடும், ஆவி தானாகவே குளிர்ந்த பக்கம் ஓடும். வழியில் முட்டிக்கொள்ளக் காற்று மூலக்கூறு ஒன்றும் கிடையாது. அதனால்தான் மூலைக்கு மூலை வெப்பநிலை ஏறத்தாழ ஒன்றாகிவிடுகிறது. எங்காவது மயிரிழை வெடிப்பு விழுந்து காற்று புகுந்தால் கதை முடிந்தது. ஒடுங்காத காற்று குளிர்ந்த பக்கம் போய்க் குந்திக்கொண்டு ஆவிக்கு வழிவிடாது.

ஒன்று மிச்சம் இருக்கிறது. பானை மூடியில் இருந்து தண்ணீர் கீழே சொட்டும். போனை நாம் நிமிர்த்தியும் கவிழ்த்தும் படுத்துக்கொண்டும் பிடிக்கிறோம். தண்ணீர் எப்படிச் சிப்புக்குத் திரும்பும்?

குத்துவிளக்குத் திரியைப் பாருங்கள். எண்ணெய் கீழே கிடக்கிறது, சுடர் மேலே. எண்ணெய் ஏறுகிறது. பஞ்சு நூல்களுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடைவெளிகளில் எண்ணெய் தொற்றித் தொற்றி ஏற, மேற்பரப்பு இழுவிசை பின்னால் இருப்பதையும் இழுத்துக்கொள்கிறது. ஆவியறையின் உள்சுவரிலும் ஒரு திரி இருக்கிறது, செப்பில். மாவுபோன்ற செப்புத் துகளைச் சூடாக்கி, உருகாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் பதத்தில் நிறுத்துகிறார்கள். அல்லது மயிர்போன்ற செப்பு வலையைப் பதிக்கிறார்கள். சிப்புக்கு மேலே தண்ணீர் ஆவியாகித் திரி காயக் காய, அந்தக் காய்ச்சலே அடுத்த தண்ணீரை இழுக்கிறது. சுடர் எண்ணெயை இழுப்பது போலத்தான்.

அந்தத் திரியைச் செய்வதற்குத்தான் கைப்பக்குவம் வேண்டும். இடைவெளி சிறுத்தால் இழுவை கூடும், ஆனால் தண்ணீர் நெருங்கிப் போக வேண்டியிருப்பதால் ஓட்டம் குறையும். பெருத்தால் ஓட்டம் நன்றாக இருக்கும், இழுக்கப் பலம் இராது. இரண்டுக்கும் நடுவில் பதம் பார்க்க வேண்டும். பிட்டு மாவை உதிரியாகக் குழைப்பதும் கிட்டத்தட்ட இதே பிரச்சினைதான்: கட்டியாகிவிட்டால் ஆவி ஏறாது. பதம் தப்பினாலும் சிப் அளவுக்கு மீறிச் சுட்டாலும் தண்ணீர் வந்து சேருமுன் திரி வரண்டுவிடும். அதன்பிறகு அது வெறும் செப்புத் தகடு.

இந்த யோசனை கேம் விளையாட வந்ததும் இல்லை. ரிச்சர்ட் கோக்லர் என்ற பொறியியலாளர் குளிரூட்டும் இயந்திரங்களுக்காக இதை எழுதிக் கொடுத்து 1944இல் காப்புரிமை பெற்றார். அது கிடப்பில் கிடந்தது. 1963இல் அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் ஜோர்ஜ் குரோவர் அதே விசயத்தைத் தன்பாட்டில் மீண்டும் கண்டுபிடித்தார், விண்வெளியில் வெப்பத்தை வெளியேற்றுவதற்காக. 1967இல் பூமியைச் சுற்றவிட்டுப் பார்த்தார்கள், எடையற்ற வெளியிலும் திரி வேலை செய்தது. பிறகு கணினிகள், 2018 அளவில் அசூஸின் ரோக் போன் போன்ற கேமிங் போன்கள், 2025இல் ஐபோன் 17 புரோ. எந்தக் காசாளர் 1963இல் "இதனால் என்ன இலாபம்" என்று கேட்டிருந்தாலும் குரோவரால் கைப்பேசி என்று பதில் சொல்லியிருக்க முடியாது. நம் இலங்கை ஆராய்ச்சிக்குச் செலவழிப்பது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 சதவீதத்தைச் சுற்றித்தான் நிற்கிறது. அதையும் இலாபம் காட்டினால்தான் தருவோம் என்கிறார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு, இந்தக் கட்டுரைக்குள் அடங்காது.

இப்படி ஒரு சாமான் இருந்தும் என் போன் சுடும். பலரும் இதைக் கையில் வாங்கியதும் "என்ன இது, இப்பிடிச் சுடுது, மட்டமான சாமானோ" என்கிறார்கள். எனக்கோ அந்தச் சூடு பிடிக்கும். உள்ளங்கையில் தெரிகிற சூடு சிப்பை விட்டு வெளியே வந்துவிட்ட சூடு. வெளியே தெரியாமல் உள்ளே விக்குகிற போனுக்குத்தான் நான் பயப்படுவேன். ஆவியறை வெப்பத்தைத் தின்பதில்லை, இடம் மாற்றுகிறது, அவ்வளவே. முதுகில் இருந்து அதைக் காற்றுக்கு இறக்குவது நம் பொறுப்பு. அங்கேதான் தடித்த றப்பர் உறையைப் போட்டுக் கழுத்தை நெரிக்கிறோம். வகுப்பெடுக்கும்போது நான் உறையைக் கழற்றி, மேசைக்கும் போனுக்கும் நடுவே இரண்டு சோக்குத் துண்டு வைத்து, ஃபேனுக்கு நேரே வைத்துவிடுவேன். பற்றரியில் ஏற்றாமல் சார்ஜரில் இருந்தே போனை ஓடவிடும் வசதியும் இதில் உண்டு. சூட்டோடு சூடாகச் சார்ஜ் ஏறுவதுதான் பற்றரியின் ஆயுளைத் தின்னும்.

உள்ளேயே குட்டி ஃபேன் வைத்த போன்களும் உண்டு, 2019இல் ரெட் மேஜிக் 3 அதைத் தொடங்கி வைத்தது. கொழும்பில் ஏசி அறையில் சரி. டச்பே கடற்கரையில் உப்புக்காற்றை உறிஞ்சி உள்ளே அனுப்பும் யந்திரத்துக்கு நான் காசு கொடுக்கமாட்டேன்.

பிரிட்ஜுக்குள் வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. திருமலைக் காற்றில் ஈரம் அதிகம். 24, 25 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளிலும் அது ஒடுங்கும். ஐஸ்கிரீம் கப் வேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். குளிர்ந்த போனை வெளியே எடுத்தால் அதே பிட்டுமூடி முத்துகள் உள்ளே மின்சுற்றுப் பலகையில் விழும். மருமகன் விட்டுப்போன கிளிப் கூலரும் அப்படித்தான். மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும் தகடு அது. பத்து நிமிடத்தில் என் மேசைவிரிப்பு நனைந்தது. கதிர்வீச்சையும் சூட்டையும் "இழுக்கும்" தங்கநிறச் ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு திரிபவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அதை விற்கிறவனிடம் போய் வெப்பம் எங்கே போகிறது என்று கேளுங்கள்.

மாணவன் இன்னும் நம்பாததால், போன் திருத்தும் கடையொன்றில் செத்துப்போன கேமிங் போனின் ஆவியறைத் தகட்டை வாங்கி வந்தேன். பற்றரி எல்லாம் கழற்றியது, வெறும் செப்பு. தகரம் வெட்டும் கத்தரியால் ஓரத்தை நறுக்கியபோது மிக மெல்லிதாக ஒரு "ஸ்ஸ்" கேட்டது, இல்லை கேட்டதுபோல் இருந்தது. காற்று உள்ளே போன சத்தம். தகட்டை இரண்டாகப் பிரித்தோம். உட்பக்கம் மங்கிய ரோசா நிறம், விரலால் தடவினால் மணல்தாள்போல் சொரசொரப்பு, நடுவில் வரிசையாகக் குட்டித் தூண்கள். அவன் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான், முகர்ந்தும் பார்த்தான்.

"தண்ணி எங்க, சேர்?"

நாங்கள் பேசிக்கொண்டிருந்த அரை நிமிடத்தில் அது காற்றோடு போய்விட்டிருந்தது.