மூச்சு பழகிவிடும், எலும்புக்குத்தான் அவகாசம் வேண்டும்

புதிதாக ஓடத் தொடங்கும் பலர் முதல் இரண்டு மூன்று நிமிடங்களிலேயே மனம் தளர்ந்துவிடுகிறார்கள். மூச்சு வாங்குகிறது, கால் கனக்கிறது, இதயம் காதுக்குள் அடிக்கிறது. "எனக்கு நுரையீரல் பலம் போதாது" என்று சொல்லி நடைக்குத் திரும்பிவிடுகிறார்கள். பாவம், நுரையீரலுக்கு இதில் பங்கே இல்லை. ஆரோக்கியமான ஒருவர் மூச்சிரைக்க நிற்கும் அந்த நேரத்தில், கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிவைத்த ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிப் பார்த்தால், பெரும்பாலும் 95க்கு மேல்தான் காட்டும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறையவில்லை. அப்படியானால் ஏன் இப்படி இரைக்கிறது?

தசை சுருங்குவதற்கான எரிபொருள் ஏடிபி என்ற மூலக்கூறு. அதன் கையிருப்பு சில நொடிகளுக்குத்தான் வரும். அடுத்து, தசையிலேயே சேமிக்கப்பட்டிருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட் என்ற பொருள் கைகொடுக்கிறது; அதுவும் பத்து நொடி அளவில் தீர்ந்துபோகிறது. ஆக்சிஜனைக் கொண்டு சர்க்கரையையும் கொழுப்பையும் எரித்து ஏடிபி தயாரிக்கும் வழிதான் நீண்ட நேரத்துக்கு நம்பகமானது. ஆனால் அது முழு வீச்சில் இயங்க இரண்டு மூன்று நிமிடங்கள் ஆகும். இதயம் வேகமெடுக்க வேண்டும், தசைக்குள் செல்லும் ரத்தக்குழாய்கள் விரிய வேண்டும், செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் முடுக்கிவிடப்பட வேண்டும். பயிற்சி இல்லாத உடலில் இந்தத் தாமதம் இன்னும் அதிகம்.

இடைப்பட்ட நேரத்தில் தசைகள் ஆக்சிஜன் இல்லாமலேயே சர்க்கரையைச் சிதைத்துச் சமாளிக்கின்றன. அப்போது தசையிலும் ரத்தத்திலும் அமிலத்தன்மை கூடுகிறது, கரியமில வாயுவும் பெருகுகிறது. மூளைத்தண்டு கூர்ந்து கவனிப்பது இவற்றைத்தான். கரியமில வாயுவை வெளியேற்றச் சொல்லி அது கொடுக்கும் அவசர உத்தரவே மூச்சிரைப்பு. ஓடுவதற்கு முன் ஐந்து நிமிடம் விறுவிறுப்பாக நடக்கச் சொல்வதன் காரணமும் இதுவே. நடந்துவிட்டு ஓடும்போது ஆக்சிஜன் வழி பாதி திறந்திருக்கும்; அந்த ஆரம்பத் திணறலில் பெரும்பகுதி இல்லாமல் போகும்.

ஆக்சிஜன் இல்லாமல் சர்க்கரை சிதையும்போது உண்டாகும் லாக்டிக் அமிலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். தசையில் ஆக்சிஜன் பயன்பாட்டுக்கும் இந்த அமிலத்துக்கும் உள்ள உறவைக் கண்டறிந்ததற்காக ஓட்டோ மேயர்ஹோஃப், ஆர்ச்சிபால்ட் ஹில்லுடன் 1922ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பிறகு வந்த பல பத்தாண்டுகள் இது வெறும் கழிவு என்றே கருதப்பட்டது. மறுநாள் மாடிப்படி இறங்கும்போது தொடை வலித்தால் 'லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது' என்று இன்றும் சொல்கிறார்கள். உண்மையில், உடலில் இந்த அமிலம் இருக்கும் வடிவமான லாக்டேட்டை இதயமும் மற்ற தசைகளும் எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன. ஓட்டம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் அதன் அளவு பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. மறுநாள் வலிப்பது வேறு காரணத்தால். கால் தரையில் ஊன்றும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பளு தாங்குகிறது. பழக்கமில்லாத இந்த வேலையில் தசை இழைகளில் நுண்ணிய சிதைவுகள் உண்டாகின்றன. ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போய்த் தணிந்துவிடும் வலி அது.

இனி நல்ல செய்தி. விடாமல் ஓடினால் முதல் ஒன்றிரண்டு வாரங்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா அதிகரிக்கிறது. இதயத்துக்குத் திரும்பிவரும் ரத்தம் கூடுவதால் ஒவ்வொரு துடிப்பிலும் அது அதிகமாக வெளியே தள்ளுகிறது; அதே வேகத்துக்குக் குறைந்த துடிப்புகளே போதும் என்றாகிறது. அடுத்து தசைக்குள் மாற்றம் தொடங்குகிறது. 1967இல் அமெரிக்காவின் ஜான் ஹொலோசி என்ற ஆய்வாளர், வாரக்கணக்கில் ஓடப் பழக்கிய எலிகளின் தசைகளில் மைட்டோகாண்ட்ரியா நொதிகளின் செயல்பாடு ஏறத்தாழ இரட்டிப்பானதைக் காட்டினார். மனிதர்களிலும் பயிற்சியால் மைட்டோகாண்ட்ரியா பெருகுகிறது. தசை இழைகளைச் சுற்றித் தந்துகிகள் எனப்படும் மெல்லிய ரத்தக்குழாய்களும் புதிதாக முளைக்கின்றன.

இதற்கெல்லாம் வேகமாக ஓட வேண்டிய தேவையே இல்லை. பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியத்தைத் திக்காமல் பேச முடிகிற வேகமே போதும். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று பொருள். முதல் மாதத்தில் அந்தச் சரியான வேகம், விறுவிறு நடையைவிடச் சற்றே கூடுதலாக இருக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

சிக்கல் தொடங்குவது இதற்குப் பிறகுதான். நான்கைந்து வாரம் ஆனதும் மூச்சு சீராகிவிடுகிறது, உற்சாகம் பிறக்கிறது, தூரத்தையும் வேகத்தையும் ஒரே நேரத்தில் கூட்டுகிறார்கள். காயங்கள் வரிசையாக வருவதும் இந்தக் காலத்தில்தான். உடலின் எல்லாப் பாகங்களும் ஒரே வேகத்தில் பழகுவதில்லை என்பதைப் பெரும்பாலோர் அறியாததே காரணம்.

கறிக்கடையில் ஆட்டுத் தொடையைக் கவனித்திருப்பீர்கள். சிவந்த கறி முடியும் இடத்தில் வெளுத்து, வழவழப்பாக, கத்திக்கு எளிதில் மசியாத ஒரு பட்டை எலும்போடு ஒட்டியிருக்கும். அதுதான் தசைநாண். கறியின் சிவப்பில் ரத்த ஓட்டத்தின் வளம் தெரிகிறது. நாணின் வெண்மை அங்கே ரத்தக்குழாய்கள் எவ்வளவு குறைவு என்பதைக் காட்டுகிறது. நம் குதிகாலுக்கு மேலே விரலால் பிடித்துப் பார்க்க முடிகிற குதிகால் நாணும் இப்படிப்பட்டதே. ஓடும்போது அதிகம் உழைக்கும் உறுப்புகளில் அதுவும் ஒன்று.

அது எவ்வளவு மெதுவாகப் புதுப்பித்துக்கொள்கிறது என்பதைக் கண்டுபிடித்த விதம் வியப்பானது. 1955 முதல் 1963 வரை வல்லரசுகள் திறந்தவெளியில் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் வெகுவாகக் கூடியது. பிறகு படிப்படியாகக் குறைந்தது. அது பயிர்கள் வழியே உணவிலும் உணவு வழியே உடலிலும் சேர்ந்தது. எனவே ஒரு திசுவில் உள்ள கார்பன்-14 அளவைக் கொண்டு அது எந்தக் காலத்தில் உருவானது என்று கணிக்கலாம். டென்மார்க் ஆய்வாளர்கள் இறந்தவர்களின் குதிகால் நாண்களை இப்படிச் சோதித்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். நாணின் மையப்பகுதி ஏறத்தாழ 17 வயதுக்குள் உருவாகி, அதற்குப் பிறகு அநேகமாகப் புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று தெரிந்தது. நாற்பது வயதில் ஓட வருபவர் பள்ளிப் பருவத்து நாணோடுதான் ஓடுகிறார். பயிற்சியால் நாண் உறுதிப்படாமல் இல்லை. ஆனால் அதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

எலும்பின் கதை இன்னும் நுட்பமானது. புதிய பளு வந்ததும் எலும்பு முதலில் செய்வது தன்னைக் கரைத்துக்கொள்வதுதான். பழைய பகுதியை அரித்தெடுக்கும் செல்கள் சில வாரங்கள் வேலை செய்கின்றன. பிறகு வேறு வகைச் செல்கள் வந்து அந்தக் குழிகளில் புதிய எலும்பை நிரப்புகின்றன. இந்த நிரப்பும் வேலைக்குச் சுமார் மூன்று மாதம் பிடிக்கும். ஆக, வலுப்பெறுவதற்கு முன் எலும்பு சிறிது காலம் வலுவிழந்து நிற்கிறது. அந்தக் காலத்தில் 70 கிலோ எடையுள்ள ஒருவர் இருபது நிமிடம் ஓடினால், ஒவ்வொரு காலும் ஏறத்தாழ 1,600 முறை தரையில் ஊன்றுகிறது. ஒவ்வொரு முறையும் உடல் எடையைப் போல் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட விசை ஏறுகிறது. பளு மேலும் கூடினால் மயிரிழை விரிசல் விழும். பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரெய்ட்ஹாப்ட் 1855இலேயே, நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த சிப்பாய்களின் பாதங்களில் இதனால் வரும் வலியையும் வீக்கத்தையும் கண்டு எழுதிவைத்தார்.

புதிதாக ஓடுபவர்களுக்கான ஒன்பது வாரத் திட்டம் ஒன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. 1996இல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் வகுத்தது. முதல் வாரத்தில் 60 நொடி ஓட்டம், 90 நொடி நடை, இப்படி எட்டு முறை. வாரத்துக்கு மூன்று நாள் மட்டும். மொத்த ஓட்டம் ஒரு நாளில் எட்டே நிமிடம்தான். நடுவில் விடும் ஓய்வு நாளுக்கும் காரணம் உண்டு. கடுமையான பயிற்சிக்குப் பிறகு முதல் ஒன்று, ஒன்றரை நாள் வரை நாணுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் சிதைவதே மேலோங்கியிருக்கும். அதன் பிறகே உருவாவது முந்தும். நாள்தோறும் ஓடினால் சிதைவின்மேல் சிதைவு சேர்கிறது. அதனால்தான் 'நூறு நாள் விடாமல் ஓடுவோம்' என்று புத்தாண்டில் எடுக்கும் சபதங்களைத் தொடக்கநிலையில் இருப்பவர்கள் தவிர்க்க வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்கிறேன். ஒன்பது வாரம் கடினமாக இருந்தால் பன்னிரண்டு வாரமாக நீட்டிக்கொள்ளுங்கள். எலும்பு அதைத்தான் விரும்பும்.

நம் ஊரில் வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஓடும்போது செலவாகும் ஆற்றலில் முக்கால் பங்கு வெப்பமாகவே வெளிப்படுகிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றே ஈரமாக இருப்பதால் வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. சொட்டிய வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. அதே வேகத்துக்கு இதயம் அதிகம் துடிக்க வேண்டியிருக்கிறது. சித்திரை மாதத்தில் தொடங்குபவர்கள் கடிகாரத்தைப் பார்க்காமல், பேச முடிகிறதா என்பதை மட்டும் பார்த்து வேகத்தைக் குறைக்கட்டும். பத்துப் பதினான்கு நாளில் உடல் சூட்டுக்குப் பழகி, முன்னதாகவே வியர்க்கத் தொடங்கும். வியர்வையில் போகும் உப்பும் குறையும்.

காலணி உறுத்தாமல் வசதியாக இருந்தால் போதும். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். ஓடும்போது நெஞ்சு வலியோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே நிறுத்த வேண்டும். கால் வலியைப் பொறுத்தவரை ஒரு சோதனை உதவும். இரண்டு தொடைகளும் பரவலாக வலித்தால் அது தசை. இரண்டு நாளில் போய்விடும். முன்னங்கால் எலும்பிலோ பாதத்திலோ ஒரே இடத்தில், விரல் நுனியால் அழுத்தினால் சுருக்கென்று வலித்தால், நடக்கும்போதும் விடாமல் தொடர்ந்தால், ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். தொடக்கத்தில் விழும் மயிரிழை விரிசல் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் புலப்படும். எக்ஸ்ரே தெளிவாக இருக்கிறது என்பதற்காக அந்தக் காலில் மீண்டும் ஓடக் கூடாது.