வரிசையில் நிற்காத அம்மா

இலங்கை மலையகத்தில் இருக்கும் எங்கள் மனநலக் கிளினிக்குக்கு மாதம் ஒரு தடவை வரும் அம்மா ஒருவர், காலை ஏழு மணிக்கே வந்துவிடுவார். ஆனால் நம்பர் எடுக்க மாட்டார். வாசலுக்கு வெளியே மரத்தடியில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, பன்னிரண்டு மணிக்கு மேல், கடைசி ஆளாக உள்ளே வருவார். தாதிக்குக் கோபம். "ஏழு மணிக்கு வந்து என்னம்மா பிரயோசனம்? வரிசையில நிக்கலையே!" நானும் முதலில் அதைக் கூச்சம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

நெஞ்சு படபடப்பு, தலைச்சுற்று, தூக்கமில்லை என்று வெளிநோயாளர் பிரிவிலிருந்து அனுப்பியிருந்தார்கள். ஈசிஜி, சீனி, பிரஷர் எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை. மூன்றாவது தடவை மகள் கூட வந்தாள். அவள் சொன்ன குறையே வேறு. கட்டிலுக்கு அடியில் அரிசி, துணிப் பெட்டிக்குள் பருப்பு. ரொட்டி சுட்டால் இரண்டு காணாமல் போகும். மறுநாள் தலையணைக்கு அடியில் காய்ந்து கிடக்கும். "எலி பெருகிப் போச்சு மிஸ். பக்கத்துக் காம்பராக்காரங்க சண்டைக்கு வாராங்க" என்றாள்.

எப்போதிருந்து என்று கேட்டேன். 2022இலிருந்தாம். எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் பால்மாவுக்கும் நாடே வரிசையில் நின்ற வருடம்.

அப்புறம்தான், முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். "யுத்த காலத்துல எங்க இருந்தீங்கம்மா?"

மலையகத்தில் இந்தக் கேள்வியை நாங்கள் எளிதில் கேட்பதில்லை. இங்கே ஷெல் விழவில்லை, பங்கர் வெட்டவில்லை. அதனால் யுத்தம் வடக்கு கிழக்கின் கதை என்று வைத்தியர்களும் நினைக்கிறோம், லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், இருக்கிறவர்களும் நினைக்கிறார்கள். "இங்க ஏது மிஸ் யுத்தம்?" என்ற பதிலை எத்தனையோ பேர் வாயால் கேட்டிருக்கிறேன். ஆனால் 1977 கலவரத்திலும் 1983 ஜூலையிலும் அடிபட்டு, இனி இங்கே இருக்க முடியாது என்று வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறிய தோட்டக் குடும்பங்கள் ஏராளம். யுத்தம் அவர்களை அங்கே பிடித்துக்கொண்டது. 2009 மே மாதம் எல்லாம் முடிந்து, இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் கிடந்துவிட்டு, அண்ணன் தம்பி இருக்கும் லயத்துக்கே திரும்பி வந்தவர்களும் உண்டு. இந்த அம்மாவும் அப்படித்தான். நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, சிறுபிள்ளையாகக் கிளிநொச்சிக்குப் போனவர்.

நடந்ததை அவர் சொன்னது ஆறாவது தடவை வந்தபோது. இரண்டே வாக்கியம். கஞ்சி வரிசையில் நின்றபோது ஷெல் விழுந்தது. முன்னால் நின்றவள் எழுந்திருக்கவில்லை, தான் வாளியைப் போட்டுவிட்டு ஓடியதாகச் சொன்னார். உடனே, "கடைசி பஸ் எத்தனை மணிக்கு மிஸ்?" என்று கேட்டார். நான் மேலே எதுவும் கேட்கவில்லை. உளவளத்துணை என்றால் ஆளை உட்காரவைத்து எல்லாவற்றையும் கொட்ட வைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். தயாராகாத ஒருவரை வற்புறுத்திப் பேச வைத்தால் நிலைமை மோசமாகலாம். அவர் சொன்னது எனக்குப் போதுமாக இருந்தது. வரிசையில் ஏன் நிற்பதில்லை, தலையணைக்கு அடியில் ரொட்டி ஏன் என்பது இரண்டும் விளங்கிவிட்டன. வீட்டில் அரிசி இருந்தால் வரிசைக்குப் போக வேண்டியதில்லை, அவ்வளவுதான் அவருடைய கணக்கு.

மகளிடம் மட்டும் இரண்டு விஷயம் சொன்னேன். ஒளித்து வைத்ததை எடுத்து வீசக் கூடாது. "இப்பதான் எல்லாம் கடையில கிடைக்குதே" என்று புத்தி சொல்லவும் கூடாது. எலி ஏறாத மூடி போட்ட தகரம் ஒன்று வாங்கி, அதை அம்மாவின் பொறுப்பில் விட்டார்கள். கிளினிக்கில் அவருக்கு நம்பர் கிடையாது. தாதி பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். இதற்கெல்லாம் பட்டம் வேண்டியதில்லை, எனக்கே ஆறு மாதம் பிடித்தது என்பதுதான் வெட்கம்.

ஊரை விட்டுப் போகாதவர்களையும் யுத்தம் விடவில்லை. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட சமூகம் இது; நாடற்றவர் பிரச்சினைக்கு 2003இல்தான் சட்டத்தில் ஒரு முடிவு வந்தது. பலரிடம் பிறப்புச் சான்றிதழ் இருக்கவில்லை, அதனால் அடையாள அட்டையும் இருக்கவில்லை. கொழும்புக் கடைகளில் வேலைக்குப் போன தோட்டத்துப் பையன்கள் பொலிஸ், இராணுவச் சுற்றிவளைப்பில் மாட்டினால் கதி என்ன? 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் வழக்கில்லாமலே 18 மாதம்வரை தடுத்துவைக்க இடம் கொடுத்தது. 2000 ஒக்டோபரில் பண்டாரவளை பிந்துனுவெவ முகாமில் தடுத்து வைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர்களைக் கும்பல் ஒன்று புகுந்து கொன்றதும் இதே மலையில்தான்.

பத்தொன்பது வயதில் அப்படிப் பிடிபட்டு, ஒரு வருடத்துக்கு மேல் உள்ளே இருந்துவிட்டு, வழக்கே இல்லாமல் வெளியே வந்த ஒருவர் இப்போது தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறார். நள்ளிரவில் "ஐடென்டி இருக்கு மாத்தயா, ஐடென்டி இருக்கு" என்று அலறுவார். மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. 10க்கு 12 அடிக் காம்பரா, சுவர் கூரையைத் தொடாத லயம். ஒருவர் கண்ட கனவுக்கு ஆறு வீடு விழித்துக்கொள்ளும். முனி அடித்துவிட்டது என்று கயிறு கட்டினார்கள். பூசாரியோடு நான் சண்டை போடுவதில்லை. கயிறும் இருக்கட்டும், கிளினிக்குக்கும் வாருங்கள் என்பேன்.

அவர் தூங்குவதற்காகக் குடித்தார். குடி ஆளைச் சாய்க்கும், உண்மைதான்; ஆனால் பின்னிரவில் தூக்கத்தை உடைத்துக் கனவைக் கூட்டிவிடும். இதை அவரிடம் விளக்கியபோதுதான், குடியை விடு என்று யாரோ முதன்முறையாகக் காரணத்தோடு சொன்னதாகச் சொன்னார். மனைவியிடம் சொன்னது வேறு: அலறும்போது உலுக்கி எழுப்பாதீர்கள், கை ஓங்கிவிடுவார். எட்ட நின்று லைட்டைப் போட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். "நீங்க வீட்டுலதான் இருக்கீங்க, இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை" என்று சொல்லுங்கள். காலைத் தரையில் ஊன்றச் சொல்லி, குளிர்ந்த தண்ணீர் கொடுங்கள்.

விழித்திருக்கும்போதும் அடிக்கிறார் என்று அவள் சொன்னாள். காரணம் தெரிந்துவிட்டது என்பதற்காக அடியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அதையும் அவரிடம் நேராகச் சொன்னேன். இப்படியான வீடுகளுக்கு 1938 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கொடுக்கிறேன். மனநலத்துக்கு 1926, இருபத்து நான்கு மணி நேரமும்.

மகனுக்கு இப்போது பதினெட்டு. கொழும்பில் துணிக்கடை வேலை கிடைத்திருக்கிறது. அப்பா அவனுடைய பையை ஒளித்து வைக்கிறார். பையனுக்கு அப்பா உள்ளே இருந்த கதையே தெரியாது, குடிகாரன் தடுக்கிறான் என்றுதான் நினைக்கிறான். போன மாதம் இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைத்தேன். அப்பா வாய் திறக்கவில்லை. எழும்பும்போது மட்டும் பையனின் சட்டைப் பையைத் தொட்டு, அடையாள அட்டை இருக்கிறதா என்று பார்த்தார். பையன் அதை எடுத்துக் காட்டினான். அடுத்த கிளினிக் 14ஆம் திகதி, இரண்டு பேரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.