பெரியம்மாவின் கழுத்தில் தொங்கிய ‘குவாண்டம்’

தீபாவளிக்கு மலையகத்து டிக்கோயாவுக்குப் போனபோது பெரியம்மாவின் கழுத்தில் கறுப்பாக, வட்டமாக ஒன்று தொங்கியது. “குவாண்டம் பென்டன், தம்பி. நீ படிச்சதுதானே?” என்றார். தீபாவளி முற்பணத்தில் பாதி அதற்குப் போயிருந்தது. விற்ற பொடியன் கோயில் மண்டபத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்து, வயர் பூட்டிய உலோகக் குச்சியைப் பிடிக்கச் சொல்லி, ஒரு நிமிடத்தில் உடம்பு முழுக்க ‘ஸ்கேன்’ பண்ணியிருக்கிறான். சீனி வருத்தம் இல்லை என்று வந்ததாம். பெரியம்மா கிளினிக் மருந்தை மூன்று வாரமாக விட்டிருந்தார்.

இந்த வருடம் என் காதுக்கு வந்த நாலாவது கதை இது. சரி, எழுதிவிடுகிறேன்.

திண்மப் பொருளில் செய்யும் குவாண்டம் கணினியில் ஒத்திசைவு, அதாவது நுண்துகள்களின் குவாண்டம் நிலை, ஏன் குலைகிறது என்று தாளில் கணக்குப் போடுவது என் தொழில். (சொந்தக்காரர்கள் போன் திருத்தத் தருகிறார்கள், அது வேறு கதை.) அதனால்தான் “குவாண்டம் சக்தியை உள்ளே ஏற்றியிருக்கிறோம், ஆயுளுக்கும் உடம்புக்குள் இறங்கும்” என்ற பேச்சைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஏற்றி வைக்கிறார்களாம்! 1999இல் ஜப்பானில் நகமுரா, பாஷ்கின், சாய் மூவரும் மின்தடையே இல்லாத மீகடத்திச் சுற்றில் கியூபிட்டை (குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு) இயக்கிக் காட்டியபோது அதன் குவாண்டம் நிலை தாக்குப்பிடித்தது சில நானோசெக்கன். கால் நூற்றாண்டு மல்லுக்கட்டிய பிறகு, தேர்ந்த ஆய்வுகூடங்களில் இப்போது ஒரு மில்லிசெக்கனை எட்டியிருக்கிறார்கள். கண் இமைக்கும் நேரத்தில் நூறில் ஒரு பங்குகூடத் தேறாது. கணினிச் சில்லின் மேலுள்ள ஒட்சைட்டுப் படலத்தில் ஒரு குறை, எங்கிருந்தோ தப்பி வந்த ஒரு வெப்ப ஃபோட்டான் (கதிர்வீச்சின் ஒரு துகள்), எது தொட்டாலும் நிலை கலைந்துவிடும். சிலிக்கனில் எலெக்ட்ரான் சுழற்சியை வைத்துச் செய்தால் பக்கத்து அணுக்கருக்களின் காந்தமே தொல்லை. வெப்பத்தின் தொல்லையை அடக்கவே மீகடத்திச் சில்லை 0.02 கெல்வினுக்கும் (குளிரின் அடிமட்டத்தைச் சுழியாக வைத்து எண்ணும் அளவு) கீழே குளிரூட்டுகிறார்கள். நுவரெலியாவில் புல்லெல்லாம் உறைபனி பூத்துக் கிடக்கும் தை மாத விடியலிலும் 273 கெல்வின் இருக்கிறது. பெரியம்மாவின் உடம்பில் 310.

அறை வெப்பத்திலும் குவாண்டம் நிலை தாங்கும் வைரக் குறைகள் (வைரத்துக்குள் அணுக்களின் அடுக்கு பிசகிய இடங்கள்) உண்டே என்று பென்டன் விற்கும் ஒரு முகவர் என்னிடமே வாதாடினார். உண்டு. லேசரும் நுண்ணலையும் வைத்து, தூய்மையாக்கிய வைரத்தில், அதுவும் ஒன்றிரண்டு மில்லிசெக்கனுக்கு. அவர் பையில் வைரம் இருக்கவில்லை.

‘ஸ்கேன்’ பண்ணும் அந்த உலோகக் குச்சியை ஈரத் துணியில் சுற்றி வைத்துப் பார்த்தேன். துணிக்குக் கல்லீரல் கொஞ்சம் பலவீனமாம்.

பென்டன் வெறும் ஏமாற்றோடு நின்றாலும் பரவாயில்லை. 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம் இப்படிப்பட்ட பத்துப் பொருட்களைச் சோதித்து, கதிர்வீச்சு வருகிறது, போடாதீர்கள் என்று எச்சரித்தது. அதில் பிள்ளைகளுக்கான கைச்சங்கிலியும் ஒன்று. இந்த வகைப் பொருட்கள் சிலவற்றில் தோரியம் கலந்த கனிமப் பொடி இருக்கிறது. ‘சக்தி’ வருகிறது என்று மீட்டரை வைத்துக் காட்டினால் இன்னும் தூரமாக நில்லுங்கள்.

கழற்றுங்கள். பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். உடைக்கவோ பொடியாக்கித் தண்ணீரில் போடவோ கூடாது. சீனி இருக்கிறதா என்று இரத்தத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும், உள்ளங்கையைப் பார்த்து அல்ல. கிளினிக் கொப்பியில் எழுதிய மருந்தை யார் சொல்லியும் நிறுத்தாதீர்கள், உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளே, ஊருக்குப் போனால் அம்மா மருந்து போடுகிறாரா என்று உறையை எண்ணிப் பாருங்கள்.

பெரியம்மா மறுபடி சீனி மருந்தான மெட்ஃபோமின் எடுக்கிறார். பென்டன் கழுத்திலிருந்து இறங்கி, சாமிப் படத்து ஆணியில் தொங்குகிறது. வெளியே எடுங்கள் என்றால், “காசு குடுத்து வாங்குனது தம்பி” என்கிறார்.