பவுண்டரி: ஊசிக்குப் போடும் வரம்பு

'பவுண்டரி' என்றதும் நமக்கு நாலு ரன்தான் ஞாபகத்துக்கு வரும். அமெரிக்காவில் லாங்ஆர்ம் எந்திரத்தில் குவில்ட் தைப்பவர்களுக்கு அது வேறு. இந்த இடத்துக்குள் தை, அல்லது இந்த இடத்தைத் தொடாதே என்று மென்பொருளுக்குக் காட்டும் மூடிய கோடுதான் அவர்களுடைய பவுண்டரி. திரையில் தெரியும், துணியில் தெரியாது. இதைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் கை தானாக 'எல்லை' என்று எழுதிவிடும். சிக்கல் அங்கேதான். அதற்கு முன் எந்திரத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

குவில்ட் என்பது மூன்றடுக்குப் போர்வை. மேலே துண்டுத்துணிகளை இணைத்துச் செய்த மேல்துணி, நடுவே பஞ்சு அடுக்கு, அடியில் பின்துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிக்கிற தையலுக்குத்தான் குவில்டிங் என்று பெயர். மெத்தையைக் குறிக்கும் 'குல்கிட்டா' என்ற லத்தீன் சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'குவில்ட்' ஆனது.

வீட்டுத் தையல் எந்திரத்தில் ஊசி ஓரிடத்தில் நிற்கும், துணியை நாம் தள்ளுவோம். லாங்ஆர்மில் இது தலைகீழ். பத்துப் பன்னிரண்டு அடி நீளச் சட்டத்தில் துணியை உருளைகளில் சுற்றி இழுத்துக் கட்டிவிடுவார்கள். எந்திரத்தின் தலை தண்டவாளத்தின்மேல் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஓடும். கணினி இணைத்தவற்றில் அந்தத் தலையை மோட்டார்கள் ஓட்டுகின்றன. மிசூரி மாநிலத்து கேமில் நிறுவனத்தின் 'ஸ்டாட்லர்', யூட்டாவின் ஹேண்டி குவில்ட்டர் தரும் 'புரோ-ஸ்டிச்சர்', ஐயோவாவின் ஏ.பி.கியூ.எஸ். தரும் 'குவில்ட் பாத்' ஆகியவை இந்த வகை. ஒன்றில் 'பவுண்டரி' என்று இருப்பது இன்னொன்றின் திரையில் 'ஏரியா' என்று இருக்கலாம். வேலை ஒன்றுதான்.

தன் தலை சட்டத்தில் எங்கே நிற்கிறது என்பது இந்த எந்திரத்துக்குத் துல்லியமாகத் தெரியும். என்கோடர்கள் என்ற உணரிகள் ஒவ்வொரு நகர்வையும் எண்ணிக்கொண்டே இருக்கும். ஆனால் துணியில் பூ எங்கே இருக்கிறது, கட்டம் எங்கே முடிகிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. நாம்தான் காட்டிக்கொடுக்க வேண்டும்.

12 அங்குலக் கட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தலையைக் கையால் நகர்த்தி இடது மேல் மூலைக்குக் கொண்டுபோக வேண்டும். கைச்சக்கரத்தைத் திருப்பி ஊசியைத் துணிக்கு மயிரிழை மேலே வரை இறக்கி, இரண்டு இணைப்புத் தையல்கள் சந்திக்கும் புள்ளிக்கு நேராக அது நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நின்றால் பொத்தானை அழுத்த, திரையில் ஒரு புள்ளி விழும். அப்புறம் வலது மேல், வலது கீழ், இடது கீழ். 'மூடு' என்று கொடுத்ததும் கடைசிப் புள்ளியிலிருந்து முதல் புள்ளிக்குக் கோடு போய்ச் சேர்ந்துவிடும். பேருக்குத்தான் 12 அங்குலம். அளந்து பார்த்தால் மேல் பக்கம் 11⅞, கீழ்ப் பக்கம் 12⅛ என்று இருக்கும். தைத்துச் சேர்த்த துணி அப்படித்தான் இருக்கும், யாரையும் குறை சொல்ல முடியாது. எதிரெதிர் மூலை இரண்டை மட்டும் குறித்துச் செவ்வகம் போட்டுக்கொள்ளும் குறுக்குவழி பல மென்பொருள்களில் உண்டு. அதை நம்பினால் சாய்ந்த கட்டத்தில் ஒரு பக்கம் தையல் பக்கத்துக் கட்டத்துக்குள் ஏறிவிடும். நாலு மூலையையும் குறிப்பதற்குக் கூடுதலாக ஆகும் நேரம் அரை நிமிஷம்கூட இல்லை.

புள்ளிகளை ஒரே சுற்றில், பக்கத்துப் பக்கத்து மூலையாகப் போட வேண்டும். இடது மேலிலிருந்து குறுக்கே வலது கீழுக்குத் தாவினால் கோடு தன்னையே வெட்டி எட்டு வடிவில் முறுக்கிக்கொள்ளும். எது உள்ளே, எது வெளியே என்பது குழம்பிவிடும். வளைவான உருவங்களுக்கு இன்னும் நிதானம் வேண்டும். மேலே வைத்துத் தைத்த பூவிதழைச் சுற்றும்போது வளைவில் புள்ளிகள் நெருக்கமாக விழ வேண்டும், நேராக ஓடும் இடத்தில் இரண்டு போதும். மூடாமல் விட்ட கோடு எத்தனை அழகாக இருந்தாலும் பவுண்டரி ஆகாது.

சரி, சொல்லுக்கு வருவோம். 'பவுண்டரி' ஆங்கிலத்தில் 17ஆம் நூற்றாண்டில் புழக்கத்துக்கு வந்தது. அதன் அடி 'பவுண்ட்'. துள்ளலைக் குறிக்கும் பவுண்ட் ஒன்று, கட்டப்பட்டதைக் குறிக்கும் பவுண்ட் ஒன்று என்று ஆங்கிலத்தில் வேறு இரண்டும் உண்டு. உச்சரிப்பு ஒன்றாக இருந்தாலும் இந்த மூன்றும் வேறு வேறு வேரிலிருந்து வந்தவை, உறவில்லை. நம் பவுண்ட், இடைக்கால லத்தீனின் 'போதினா' என்ற சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அதே வேரிலிருந்து வந்த 'போர்ன்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு இன்றும் எல்லைக்கல் என்று பொருள். அங்கங்கே கல் நட்டு, கல்லுக்குக் கல் மனதில் கோடு போட்டுக்கொள்கிற பழக்கம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. மென்பொருளில் மூலைக்கு மூலை புள்ளி வைப்பதற்கு அது நன்றாகவே பொருந்துகிறது.

இனி தமிழ். 'எல்லை' பழைய சொல், பெரிய சொல். 'தென்குமரி வடபெருங்கல் குணகுட கடலா எல்லை' என்று புறநானூற்றின் 17ஆம் பாட்டு நாட்டின் நாலு பக்கத்தையும் சொல்கிறது. சங்கத் தமிழில் அதற்குப் பகல் என்ற பொருளும் உண்டு. இத்தனை பொருள் தாங்கிய சொல்லின் தலையில் பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகம் 'லிமிட்' என்பதையும் ஏற்றிவைத்திருக்கிறது. குவில்ட் மென்பொருளிலோ லிமிட் என்று தனியாக ஒன்று இருக்கிறது: தலை எவ்வளவு தூரம் போகலாம், எங்கே சட்டத்தில் முட்டும் என்ற அளவு. போதாததற்கு 'பார்டர்' வேறு. குவில்ட்டின் நாலு ஓரத்திலும் தைத்துச் சேர்க்கும் துணிப்பட்டைதான் பார்டர். பவுண்டரி, லிமிட், பார்டர் மூன்றையும் எல்லை என்றே எழுதினால், 'எல்லைக்குள் எல்லையை வரைந்து எல்லையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளவும்' என்கிற மாதிரி செய்முறைக் குறிப்பு வரும். அதை வைத்துக்கொண்டு யாரும் தைக்க முடியாது.

பார்டருக்குக் கவலையே வேண்டாம். வேட்டிக்கும் சேலைக்கும் சொல்கிற 'கரை' இருக்கிறது. லிமிட்டுக்கு 'எல்லை'யை விட்டுவிடலாம், எந்திரத்தின் ஓட்ட எல்லை என்றால் தெளிவாகவே இருக்கிறது. பவுண்டரிக்கு என் ஓட்டு 'வரம்பு' என்ற சொல்லுக்கு. தமிழ்நாட்டு வயலில் நாம் வரப்பு என்பதை ஈழத்தில் இன்றும் வரம்பு என்கிறார்கள். வயலில் விட்ட நீரை உள்ளே நிறுத்துவதும், பக்கத்து நீரை வராமல் தடுப்பதும் அதே மண்திட்டுதான். தையல் வரம்பும் இந்த இரண்டு வேலையையும் செய்கிறது. வினையாகச் சொல்லவும் தடையில்லை: வரம்பு கட்டு, வரம்பை மூடு, வரம்புப்புள்ளி. 'வரம்பு மீறாதே' என்பது எல்லாருக்கும் தெரிந்த பேச்சு. 'விளிம்பு' என்றும் சிலர் எழுதக்கூடும், ஆனால் விளிம்பு பொருளோடு ஒட்டியது, கண்ணுக்குத் தெரிவது. நாம் கட்டும் வரம்பு பூவிதழின் விளிம்பிலிருந்து ⅛ அங்குலம் தள்ளியும் இருக்கலாம், பெரும்பாலும் இருக்கத்தான் வேண்டும்.

ஏன் தள்ளி? துணித்துண்டுகளை இணைக்கும்போது மடிப்பு ஒரு பக்கம் சாய்ந்து அந்தப் பக்கம் தடித்திருக்கும். தைக்கப்போகும் வடிவத்தின் நுனி சரியாக இணைப்பின்மேல் வந்து நின்றால், கொஞ்சம் பிசகினாலும் அந்தத் தடிப்பின்மேல் ஏறித் துருத்தித் தெரியும். அதனால் பலர் இணைப்பிலிருந்து ¼ அங்குலம் உள்வாங்கி வரம்பு கட்டுகிறார்கள். வழக்கமான அழுத்துகாலின் ஓரத்துக்கும் ஊசிக்கும் உள்ள தூரம் ¼ அங்குலம்தான் என்பதால், காலின் ஓரத்தை இணைப்பில் உரசினாற்போல் வைத்தாலே அளவு கிடைத்துவிடும்.

வரம்பு கட்டிய பிறகு வடிவத்தைப் பொருத்தலாம் அல்லது நறுக்கலாம். பொருத்துவது என்றால் சுருக்கியோ நீட்டியோ சாய்த்தோ உள்ளே அடக்குவது. நறுக்குவது என்றால் வரம்பில் படும் இடத்தில் வெட்டி, வேண்டாத பக்கத்தை எறிந்துவிடுவது. கட்டத்தின் நடுவில் பூ இருந்து, சுற்றியுள்ள வெற்றிடத்தை மட்டும் வளைகோடுகளால் நிரப்ப வேண்டும் என்றால் இரண்டு வரம்பு தேவை. கட்டத்தைச் சுற்றி ஒன்று, அதற்கு வெளியே உள்ளதை நறுக்கலாம். பூவைச் சுற்றி இன்னொன்று, அதற்கு உள்ளே உள்ளதை நறுக்கலாம். இந்த உள்வரம்பைத் 'தையா இடம்' என்று சொல்லிவிடலாம்.

நறுக்குவது திரையில் ஒரு நொடி வேலை, துணியில் அப்படி இல்லை. கோடு பூவுக்குள் நுழையும் இடத்தில் தையல் நிற்கும், வெளியே வரும் இடத்தில் மறுபடி தொடங்கும். நிற்கும் இடத்திலெல்லாம் முடிச்சு, தொடங்கும் இடத்திலெல்லாம் அடிநூலை மேலே இழுத்தெடுக்கும் வேலை. ஒரு வளைவு வரம்பை உரசிக்கொண்டே போய் உள்ளே வெளியே என்று ஆடினால், அரை அங்குலம்கூடத் தேறாத துண்டுத் தையல்கள் வரிசையாக விழும். வெட்டுப்பட்ட முனைகளுக்கு இடையே வரம்பின்மேலேயே தைத்துக்கொண்டு போகச் சொல்லும் வசதி சில மென்பொருள்களில் உண்டு. நூல் அறுபடாது, ஆனால் அதுவரை கண்ணுக்குத் தெரியாமல் இருந்த கோடு துணியில் விழுந்துவிடும். பூவைச் சுற்றி அப்படி ஒரு கோடு வந்தால் அழகுதான், வெறும் கட்டத்தில் வந்தால் பெட்டி போட்டது மாதிரி இருக்கும். இரண்டும் பிடிக்கவில்லை என்றால், நறுக்குவதற்கு முன் வடிவத்தையே கால் அங்குலம் தள்ளிப் பாருங்கள். பாதித் துண்டுகள் அதிலேயே போய்விடும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் துணியை மாட்டியதும் கண்ணுக்குத் தெரிகிற எல்லாக் கட்டங்களுக்கும் ஒரேயடியாக வரம்பு கட்டிவிட ஆசைப்படுவார்கள். அது வீண் வேலை. தையல் விழ விழ பஞ்சு அமுங்கித் துணி உள்ளே இழுத்துக்கொள்ளும். முதல் கட்டம் முடிவதற்குள் பக்கத்துக் கட்டத்தின் மூலை சற்றே நகர்ந்திருக்கும், திரையில் உள்ள புள்ளிக்கு அது தெரியாது. துணியை அடுத்த பகுதிக்கு உருட்டிவிட்டால் பழைய வரம்புகள் எல்லாமே இடம் மாறிவிட்டன என்று வைத்துக்கொள்ளலாம். எந்தக் கட்டத்தைத் தைக்கப்போகிறோமோ அதற்கு அப்போதைக்கப்போது கட்டுவதே சரி. உருளையின் இறுக்கமும் அப்படித்தான்: குறிக்கும்போது என்ன இறுக்கமோ தைக்கும்போதும் அதுவே இருக்க வேண்டும். அப்புறம் இன்னொன்று, தைத்து முடித்த பகுதி உருளையில் சுற்றச் சுற்ற உருளை பருத்து, தலை உள்ளே போகும் தூரம் குறைந்துகொண்டே வரும். காலையில் ஓட்ட எல்லைக்குள் அடங்கிய வரம்பு மாலையில் அடங்காமல் போகலாம்.

ஊசியை மேலே நிறுத்திவிட்டு, தைக்காமல் வரம்பைச் சுற்றித் தலையை மட்டும் ஓட்டிப்பார்க்கும் வசதி இருந்தால் விட்டுவிட வேண்டாம். ஏதாவது ஒரு மூலையில் மட்டும் ஊசி விலகி நின்றால் அந்தப் புள்ளியை மட்டும் திருத்தினால் போதும். எல்லா மூலையிலும் ஒரே பக்கமாக விலகினால், குறித்த பிறகு துணி நகர்ந்திருக்கிறது, முதலிலிருந்து கட்டிவிடுங்கள்.